பெயர்ப்பட்டியலும் மணல் வாளியும்

2015 நவம்பர் 22, ஞாயிறு. சிட்னியின் 'சண்டே டெலிகிராஃப்' பத்திரிகை 198 பேர் கொண்ட ஒரு பட்டியலை அம்பலப்படுத்தியது. ஏ-லீக் கால்பந்து மைதானங்களுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட ரசிகர்கள். பெயர்களும் முகங்களும் அச்சில். தடை போட்டது கால்பந்துச் சம்மேளனம், நீதிமன்றம் இல்லை. மேல்முறையீட்டுக்கு வழியும் கிடையாது. சம்மேளனத்தின் அலமாரிக்குள் இருக்க வேண்டிய காகிதம், காலைக் காப்பியோடு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. நம்மூர்க் காவல் நிலையச் சுவரில் ஒட்டுகிற கேடிகள் படம் மாதிரிதான்.

இதை விளையாட்டுச் செய்தியாக என்னால் வாசிக்க முடியவில்லை. எனக்குக் கால்பந்து நுணுக்கம் தெரியாது. ஆஃப்சைடு விதியை ரெண்டு தடவை சொன்னால்தான் புரியும். ஆனால் ஒரு பட்டியல் எப்படி ஒரு 'கும்பலை' உற்பத்தி செய்கிறது என்பது பிரதிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தெரியாத சங்கதி அல்ல. 198 பேரும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு குற்றச்சாட்டு. ஒரே பக்கத்தில் அடுக்கியவுடன் அது ஒரே உடம்பாகிவிடுகிறது. அந்த உடம்புக்குப் பெயர்: கால்பந்து ரசிகன்.

இன்னொன்று. அந்தப் பத்திரிகையை நடத்தும் நியூஸ் கார்ப் நிறுவனத்தின் கையில்தான் அன்று ஏ-லீக்கை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸும் இருந்தது. போட்டி விளையாட்டான ரக்பி லீகின் தேசியப் போட்டியில் 2012 வரை பாதி உரிமையும் அதே நிறுவனத்திடம்தான். ஒரு கை கூட்டத்தின் ஆரவாரத்தை விற்கிறது. மறு கை கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இதை முரண்பாடு என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ரெண்டும் ஒரே கல்லாவில்தான் விழுகிறது.

தமிழில் 'கால்பந்து' என்றால் கால்பந்துதான், குழப்பம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 'ஃபுட்பால்' என்ற சொல்லே ஒரு சண்டைக்களம். மெல்பர்னில் அது ஆஸ்திரேலிய விதி ஆட்டம், சிட்னியில் ரக்பி லீக். உலகம் முழுக்க ஆடும் ஆட்டத்துக்கு அங்கே 'சாக்கர்' என்று பெயர், வசவாக 'வொக்பால்'. 'வொக்' என்பது தென் ஐரோப்பாவிலிருந்து வந்தேறியவனைக் குறிக்கும் இழிசொல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலைகளுக்கும் அணைக்கட்டு வேலைகளுக்கும் ஆள் வேண்டியிருந்தது. வந்த கிரேக்கர், இத்தாலியர், குரோஷியர், யூதர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேச, சாப்பிட, ஆடக் கிளப் கட்டினார்கள். ஹெல்லாஸ், மார்க்கோனி, குரோஷியா, ஹகோவா.

இந்தக் கிளப்புகளுக்குள் வேறொருவரும் இருந்தார் என்பதைப் பத்திரிகைகளின் கதையாடல் சௌகரியமாக மறந்துவிடும். பழங்குடி உரிமைப் போராளி சார்ல்ஸ் பெர்க்கின்ஸ். 1965இல் நியூ சௌத் வேல்ஸ் சிற்றூர்களின் நிறவெறியை அம்பலப்படுத்த மாணவர்களோடு 'சுதந்திரப் பயணம்' பஸ் ஏறியவர். அவர் அடிலெய்ட் குரோஷியாவுக்கும் சிட்னி பான்-ஹெலனிக்குக்கும் ஆடினார். 'அந்நியர்கள்' என்று வசைபாடப்பட்டவர்களின் கிளப்தான் அந்த மண்ணின் மூத்த குடிக்கு இடம் கொடுத்தது. அப்படியென்றால் அங்கே யார் அந்நியர்?

1977இல் தேசிய சாக்கர் லீக் தொடங்கியது. எந்த வகை ஃபுட்பாலிலும் நாடு தழுவிய முதல் லீக் அதுதான். தொடங்கும்போதே இனப்பெயர்களை மாற்றச் சொன்னார்கள். ஹகோவா 'ஈஸ்டர்ன் சபர்ப்ஸ்' ஆனது. 1990களில் நெருக்கடி இறுகியது. மெல்பர்ன் குரோஷியா 'நைட்ஸ்' ஆனது, ஹெல்லாஸ் 'லேக்கர்ஸ்' ஆனது. பெயர் போச்சு, கொடி போச்சு, சின்னம் போச்சு. 2004இல் லீகே போச்சு. 2005இல் எட்டு அணிகளோடு ஏ-லீக் வந்தபோது ஹெல்லாஸுக்கும் மார்க்கோனிக்கும் அதில் இடமில்லை. புதிய லீகை உருவாக்கிய சம்மேளனத்தின் தலைவர் ஃபிராங்க் லோவி, முன்பு ஹகோவாவை நடத்தியவர்!

பத்திரிகைகள் எதைக் கேட்டனவோ அதையே லீக் தனக்குத்தானே செய்துகொண்டது என்பதுதான் என் வாதம். பார்க்கிறவனின் கண்ணை வாங்கித் தன் முகத்தில் பொருத்திக்கொண்டது. பலன்? 2012இல் பிறந்த வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் எந்த இனத்தின் பெயரையும் சுமக்கவில்லை. 2014இல் ஆசிய சாம்பியன் ஆனது. மறு வருஷமே அதன் ரசிகர்கள் அந்தப் பட்டியலில். பெயரை மாற்றிப் பார்த்தாயிற்று, வாசிப்பு மாறவில்லை. ரக்பி லீகில் ஆட்டக்காரர்களின் குத்துச்சண்டைக்கு 'பிஃப்' என்று செல்லப்பெயரே இருந்தது. குத்து விட்டால் வெளியே போ என்று கறார் செய்ததே 2013இல்தான். 'அது ஆட்டக்காரன், இது பார்வையாளன்' என்பார்கள். சரி. கிரிக்கெட் டெஸ்டில் குடித்துவிட்டு வெளியேற்றப்படுகிறவனுக்கு யார் பட்டியல் போட்டார்கள்?

இதற்காக இனக் கிளப்புகளை விளிம்புநிலைப் புனிதங்களாக ஆக்கிவிடவும் கூடாது. நம் நண்பர்கள் சிலருக்கு அந்த வியாதி உண்டு. 2022 அக்டோபர் 1, ஆஸ்திரேலியா கோப்பை இறுதிப்போட்டி. சிட்னி யுனைடெட் 58 தரப்பு ரசிகர்கள் சிலர் நாஜி வணக்கம் செய்தார்கள். பழங்குடியினரின் வரவேற்புச் சடங்கின்போது ஊளையிட்டார்கள். குரோஷிய வேர் கொண்ட கிளப். பெர்க்கின்ஸுக்குப் பந்து கொடுத்ததும் அதே வேரில் முளைத்த இன்னொரு கிளப்தான். ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் நாமும் வேறொரு பட்டியல் போடுகிறவர்கள்தான்.

அதே ஆண்டு டிசம்பர் 12. அடுத்த மூன்று இறுதிப்போட்டிகளும் சிட்னியில்தான் என்று லீக் நிர்வாகம் நியூ சௌத் வேல்ஸ் சுற்றுலா அமைப்புக்கு விற்றுவிட்டது. தகுதியில் முந்திய அணியின் ஊரில் ஆடுவது என்ற வழக்கம் அதோடு சரி. ஐந்து நாள் கழித்து மெல்பர்ன் டெர்பி. இருபதாவது நிமிடத்தில் வெளிநடப்பு என்று இரு தரப்பு ரசிகர்களும் அறிவித்திருந்தார்கள். அதற்குள் விக்டரி ரசிகர்கள் மைதானத்தில் பாய்ந்தார்கள். தீப்பந்தம் அணைக்க வைத்திருந்த மணல் வாளியை ஒருவன் வீசினான். சிட்டி கோல்கீப்பர் டாம் குளோவரின் முகம் கிழிந்தது. அந்த வாளிக்கு நியாயம் கிடையாது. ஆனால் அன்றிரவிலிருந்து வாளி மட்டுமே செய்தி. விற்றது யார், எதற்கு விற்றார்கள், விற்க அவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியெல்லாம் மணலுக்கடியில் போய்விட்டது.

2023 இறுதிப்போட்டிக்கு மெல்பர்ன் சிட்டி தன் ஊரை விட்டு சிட்னிக்குப் போய் 6–1 என்று தோற்றது. அந்த அக்டோபரில் லீக் நிர்வாகம் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, இறுதிப்போட்டியைப் பழையபடி தகுதி பெற்ற அணியின் ஊருக்கே திருப்பிக் கொடுத்தது. வெளிநடப்பு செய்யப் போனவர்கள் கேட்டதும் இதைத்தானே. வாளிக்குக் கிடைத்த முதல் பக்கம் இந்தச் செய்திக்குக் கிடைத்ததாக என் கண்ணில் படவில்லை.