தூவியும் இலவும்

ஓசூரில் மார்கழி ராத்திரிக்குப் போர்வை மட்டும் போதாது. ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துப் பனியோடு வீடு திரும்புகிறவருக்குத் தலையணையின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குளிர்நாட்டார் இதற்கு வாத்தின் தூவியைத் தேடுவார்கள். அந்தச் சுகம் நமக்கும் பழையதுதான். நெடுநல்வாடையில் நக்கீரர் அரசிக்கு விரித்த படுக்கை, துணையோடு கூடிய அன்னத்தின் வெண்தூவி பரப்பியது. பாட்டே வாடைக்காலத்துப் பாட்டு. திருப்பாவையில் வரும் பஞ்ச சயனத்துக்குச் சொல்லும் கணக்கொன்றில் அன்னத்தூவியும் இலவம் பஞ்சும் ஒரே வரிசையில் இருக்கின்றன. எவ்வளவு சரியான ரசனை! இரண்டுமே காற்றைப் பிடித்துவைத்துத்தான் கதகதப்புத் தருகின்றன. இலவின் இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் போட்டால் மிதக்கும். கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை அங்கிகளுக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள்.

இங்கே கடையில் தெலுங்குக்காரர் பூருகு என்பார், கன்னடக்காரர் பூருக என்பார், நாம் இலவம் என்போம். போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்றால் நல்ல பெயர். பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தைக்கும் முன் பஞ்சைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பஞ்சு இளமஞ்சள் சாயலில் பட்டுப்போல மினுங்கும். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் முறுக்கி இழுத்தால் நூலாக நீளாது, வழுக்கிப் பிரியும். நீண்டு வந்தால் மில் கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறது. உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், விதை நெருடக் கூடாது. உறைக்கு நெருக்கமாக நெய்த துணி வேண்டும்; இல்லாவிட்டால் பஞ்சு தூசியாய் வெளியே வரும். ஒற்றைத் தலையணைக்கு ஒரு கிலோ அடைத்தால் எனக்குப் போதும். திணித்து அடைத்தது மரக்கட்டை, அதில் காற்றுக்கு இடமில்லை.

ஃபோம் மெத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்து, வெயில் காட்டி, மறுபடி அடைத்துப் புதிதாக்க இலவில்தான் முடியும்.

பராமரிப்பில் முதல் விதி, நனைக்காதே. எங்கள் வீட்டில் ஒரு தலையணையை அப்படியே ஊறவைத்துத் துவைத்தோம். உள்ளே கட்டி கட்டியாகி, ஒரு வாரம் காயவைத்தும் வாடை போகவில்லை. உறையைக் கழற்றித் துவையுங்கள், பஞ்சுக்கு வெயில் போதும். கம்பால் ஓங்கி அடிக்காதீர்கள், இழை மெலிசு, நொறுங்கிவிடும். நாலு மூலையையும் பிடித்து உதறி, கையால் உதிர்த்துவிட்டாலே உப்பி எழும்.

வருகிற ஞாயிறு வெயில் அடித்தால் தலையணையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பனி இறங்கும் முன், மூன்று மணிக்கெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.