சர்வர் சுந்தரம் ஏன் திரும்பிப் போனான்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிஞ்சு உட்கார்ந்தப்போ டிவியில் 'சர்வர் சுந்தரம்' ஓடிக்கொண்டிருந்தது. நானும் அப்பாவும் கடைசி வரை பார்த்தோம். படம் முடிந்ததும் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "காரு பங்களா எல்லாத்தையும் விட்டுட்டு எவன்பா மறுபடியும் தட்டு தூக்க வருவான்? இதை எழுதினவன் ஒரு நாள் சப்ளை பண்ணிப் பார்த்திருக்க மாட்டான்"னு சொல்லிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா இருபத்தாறு வருஷம் சப்ளையர். முதலில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல். அப்புறம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீன். மூணு ஷிப்டுக்கும் சாப்பாடு போடும் இடம் அது. என்னை பி.ஈ. படிக்க வைத்தது அந்தத் தட்டுதான். அதனால் அவர் சொன்னதைச் சும்மா ஒரு விமர்சனமாக என்னால் ஒதுக்க முடியவில்லை. நானோ இந்தப் படத்தைச் சின்ன வயசிலிருந்து கொண்டாடுகிறவன். பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் மூணு வாரம் இதையே யோசித்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

கதைச் சுருக்கம்

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1964 டிசம்பரில் வந்த ஏவிஎம் படம். கதை, வசனம் கே.பாலசந்தர். இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. நடிகனாகும் ஆசையோடு ஓட்டலில் சர்வராக இருக்கும் சுந்தரம் (நாகேஷ்), முதலாளி மகள் ராதாவை (கே.ஆர்.விஜயா) விரும்புகிறான். அவள் பழகுவதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். நண்பன் ராகவன் (முத்துராமன்) அவனுக்கு சினிமா வாய்ப்புக்கு வழி செய்கிறான். சுந்தரம் பெரிய நட்சத்திரமாகிறான். ஆனால் ராதா விரும்புவது ராகவனை. அதைத் தாங்கிக்கொள்கிறான். அடுத்த அடி அம்மா. அவள் அடிபட்டுக் கிடக்கும்போது இவன் படப்பிடிப்பில் இருக்கிறான், செய்தி இவனுக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கு வரும்போது அம்மா இல்லை. புகழ் எதுக்கு, பணம் எதுக்குன்னு மறுபடி சர்வர் உடுப்புக்கே திரும்புகிறான்.

இந்த முடிவைத்தான் அறுபது வருஷமாக எல்லோரும் 'நல்ல கருத்து' என்று சொல்லி வருகிறோம். புகழ் நிம்மதி தராது, எளிய வாழ்க்கையே நிம்மதி என்று. அப்பாவின் கேள்வி நேரே இதைத்தான் இடிக்கிறது.

கொஞ்சம் ஹாலிவுட் பக்கம் போய் வருவோம்

புகழைப் பற்றிய பாட்டுப் படம் என்றாலே உலகம் முதலில் சொல்வது 'எ ஸ்டார் ஈஸ் பார்ன்'. 1937-ல் ஒரு தடவை, 1954-ல், 1976-ல், 2018-ல் என்று அதே கதையை ஹாலிவுட் நாலு தடவை எடுத்திருக்கிறது. நான் பேசப்போவது 1954 படம். இயக்கம் ஜார்ஜ் குக்கர், நடிப்பு ஜூடி கார்லண்ட், ஜேம்ஸ் மேசன். பாட்டுக்காரி எஸ்தர் மேலே ஏறுகிறாள். அவளைக் கண்டுபிடித்துக் கைதூக்கிவிட்ட நடிகர் நார்மன் மெய்ன் குடியால் கீழே இறங்குகிறார். இருவரும் கணவன் மனைவி.

இதில் ஸ்டுடியோவின் வேலையைக் காட்டும் காட்சிகள் பிரமாதம். மேக்கப் ஆட்கள் எஸ்தரின் முகத்தையே மாற்றிவிடுகிறார்கள், நார்மனுக்கே அடையாளம் தெரியவில்லை. சம்பளம் வாங்கப் போன ஜன்னலில்தான் அவளுக்குத் தன் பெயர் மாறிவிட்டதே தெரியவருகிறது. மனைவி தனக்காகத் தொழிலை விடப்போகிறாள் என்று தெரிந்ததும் நார்மன் கடலுக்குள் நடந்து போய்விடுகிறார். எஸ்தர் வீட்டுக்குள் முடங்குகிறாள். ஆனால் கடைசியில் மேடை ஏறுகிறாள், தன் சினிமாப் பெயரைச் சொல்லாமல் கணவன் பெயரைச் சொல்லி.

இங்கே கவனிங்க. இரண்டு படத்திலும் புகழின் உச்சியில் வீட்டில் ஒரு சாவு. அதற்குப் பிறகு எஸ்தர் மேடைக்குப் போகிறாள், சுந்தரம் ஓட்டலுக்குப் போகிறான். இந்த வித்தியாசம்தான் என்னைக் குடைந்தது. 'அவங்க கலாச்சாரம் வேற, நம்ம கலாச்சாரம் வேற' என்ற பதில் எனக்குப் போதவில்லை. அப்படிச் சொன்னால் அப்பாவின் கேள்வி அப்படியே நிற்கும்.

கார்லண்ட் பற்றி ஒரு தகவலையும் சேர்த்துக்கொள்ளலாம். எம்ஜிஎம் ஸ்டுடியோவை விட்டு 1950-ல் வெளியே வந்த பிறகு, அன்றைய கணவர் சிட் லஃப்ட்டோடு சேர்ந்து எடுத்த மறுவருகைப் படம் இது. மூன்று மணி நேரப் படமாக வெளியானது. ஒரு நாளைக்கு இன்னும் அதிகக் காட்சி ஓட்டலாம் என்று வார்னர் நிறுவனம் சுமார் அரைமணி நேரத்தை வெட்டிவிட்டது. 1983-ல் மீட்டெடுத்தபோது கிடைக்காத இடங்களில் வெறும் புகைப்படங்களை வைத்து ஒலியை மட்டும் ஓடவிட்டார்கள். ஸ்டுடியோ ஒரு ஆளை எப்படி வெட்டி ஒட்டுகிறது என்று சொன்ன படத்துக்கே ஸ்டுடியோவின் கத்திரி. கார்லண்ட் 1969-ல் 47 வயதில் இறந்தார். படத்தில் ஏறுகிற பெண்ணாக நடித்தவரின் சொந்த வாழ்க்கை, படத்தின் நார்மனுக்குத்தான் பக்கத்தில் இருந்தது.

அதாவது நடித்தவர்கள் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த மாதிரிப் படங்கள் முழுசாகப் புரியும். சரி, அதையே நம்ம படத்துக்கும் செய்து பார்ப்போம்.

ஒரு பாட்டும் நாலு பேரும்

'அவளுக்கென்ன' பாட்டு ஞாபகம் இருக்கா? சினிமாவுக்குள் சினிமா. பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கும். எம்.எஸ்.வி. நேரிலேயே நின்று வாத்தியக் குழுவை நடத்துவார். மைக் முன்னால் டி.எம்.எஸ். பாட்டின் போக்கிலேயே படப்பிடிப்புத் தளம் வரும், அங்கே நாகேஷ் ஆடுவார். அந்தக் காலத்துப் படம் ஒன்று, 'ஹீரோவின் குரல் ஹீரோவுடையது இல்லை' என்று ஜனங்களுக்கு இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியது பெரிய விஷயம். கார்லண்ட் படத்தில் அவரே பாடுகிறார், அங்கே திறமையும் புகழும் ஒரே உடம்பில். இங்கே புகழ் என்பது பத்து இருபது பேர் சமைத்து ஒருத்தன் பரிமாறுவது. ஓட்டல் மாதிரியேதான். நாம் வாங்கும் தோசையில் சரக்கு மாஸ்டரின் முகம் தெரியாது, கொண்டுவந்து வைப்பவனின் முகம்தான் தெரியும்.

இப்போது அந்தப் பாட்டில் சம்பந்தப்பட்டவர்களைப் பாருங்க.

எம்.எஸ்.விஸ்வநாதன்: சின்ன வயசில் சினிமாக் கொட்டகையில் நொறுக்குத் தீனி விற்றவர். பிறகு ஜூபிடர் பிக்சர்ஸில் ஆபீஸ் பையனாக எடுபிடி வேலை பார்த்தவர். தட்டு தூக்குவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

வாலி: அந்தப் பாட்டை எழுதியவர். வாய்ப்பில்லாமல் வெறுத்துப்போய், சென்னையை விட்டுக் கிளம்பி ஒரு கம்பெனி வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர். கிளம்பும் நேரத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய 'மயக்கமா கலக்கமா' பாட்டுதான் தன்னை நிறுத்தியது என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

நாகேஷ்: தாராபுரத்துக்காரர், வீட்டில் கன்னடம். (ஓசூர்க்காரனாக இதை அழுத்திச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்க ஊரில் வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, ஆபீஸில் ஒரு பாஷை என்பது சர்வ சாதாரணம்.) ரயில்வேயில் கிளார்க். அம்மைத் தழும்பு முகம். ஆபீஸ் நாடகத்தில் கேட்டு வாங்கிய வயிற்றுவலிக்காரன் வேடம், தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரின் பாராட்டு, வாலியோடு ஒரே அறையில் பட்டினி நாட்கள். ரயில்வே வேலையை விட்டார், திரும்பிப் போகவே இல்லை.

கே.பாலசந்தர்: சென்னை ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் எழுதியவர். 'சர்வர் சுந்தரம்' முதலில் நாடகம், அப்புறம்தான் சினிமா. அடுத்த வருஷம், 1965-ல், நாகேஷை வைத்தே 'நீர்க்குமிழி' எடுத்து இயக்குநரானார். பிற்பாடு அரசாங்க வேலையை விட்டார். அவரும் திரும்பிப் போகவில்லை.

நாலு பேரில் ஒருத்தர்கூடத் திரும்பிப் போகவில்லை. சுந்தரம் மட்டும் போகிறான்.

என் வாசிப்பு

அப்போ இது போலி உபதேசமா? தாங்கள் மேலே ஏறிவிட்டு, 'தம்பி, நீ கீழேயே இரு, அதுதான் நிம்மதி' என்று ஏழை ரசிகனுக்குச் சொல்வதா? முதலில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அப்பா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

இப்போது நான் வேறு மாதிரி நினைக்கிறேன். நாடகம் எழுதும்போது பாலசந்தர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? ஒரு கால் ஆபீஸில், ஒரு கால் மேடையில். மாசச் சம்பளம், பென்ஷன், குடும்பம் ஒரு பக்கம். நிச்சயமில்லாத சினிமா இன்னொரு பக்கம். அந்த இடத்தில் நிற்கிறவனுக்கு ராத்திரி என்ன கனவு வரும்? ஜெயிக்கிற கனவும் வரும், ஜெயித்தால் என்ன இழப்போம் என்ற கனவும் வரும். வீட்டிலிருந்து வரும் போனை நாம் எடுக்க முடியாமல் போவது அந்தக் கனவின் மோசமான காட்சி. படத்தின் முடிவு சர்வரின் ஞானம் இல்லை, சம்பளக்காரனின் பயம். சுந்தரத்துக்குப் போட்டது ஓட்டல் உடுப்பு, ஆனால் அவன் திரும்பிப் போக நினைக்கும் இடம் உண்மையில் ஒரு ஆபீஸ் நாற்காலி. ஓட்டல் வேலையில் இல்லாத பத்திரம் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது.

இந்த பயம் எனக்கு நல்லாத் தெரியும். முப்பத்திரண்டு வயசில் நண்பன் ஒருத்தன் சொந்தமாகக் கம்பெனி தொடங்கக் கூப்பிட்டான். நான் போகவில்லை. அப்பாவின் முட்டி ஆபரேஷன், வீட்டுக் கடன் என்று காரணம் சொன்னேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் 'பணமா முக்கியம், நிம்மதிதானே முக்கியம்' என்று அப்போது நானும் ஒரு சுந்தர வசனம் பேசினேன். பயத்துக்கு நிம்மதி என்று பெயர் வைப்பது எவ்வளவு சுலபம் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

அதனால் படத்தின் மேல் மதிப்பு குறையவில்லை, இடம்தான் மாறியது. படத்தின் உண்மை கடைசி உபதேசத்தில் இல்லை. கையில் கோபுரமாகப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு நாகேஷ் வரும்போது அந்த உடம்பின் வளைவில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்து காட்டிய துணிச்சலில் இருக்கிறது. ராதா தன்னை விரும்பவில்லை என்று தெரிகிற நேரத்தில் அந்தத் தழும்பு முகத்தில் வந்து போவதில் இருக்கிறது. நாகேஷ் அப்புறம் கதாநாயகன், தருமி, வைத்தி, வில்லன், கடைசியில் 'மகளிர் மட்டு'மில் பிணம் வரைக்கும் நடித்தார். வாய்ப்பு குறைந்த வருஷங்களும் இருந்தன. 'நம்மவர்' படத்துக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. 2009-ல் சாகும்வரை நடிகராகவே இருந்தார். சுந்தரத்தின் முடிவுக்கு நாகேஷின் வாழ்க்கையே மறுப்பு.

இதையெல்லாம் போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அவங்க பயத்துக்கு எங்க உடுப்பை மாட்டி விட்டுட்டாங்கன்னு சொல்றே"ன்னார். ஆமாப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தப் பையன் தட்டு தூக்கறது மட்டும் சரியா இருந்துச்சுப்பா. கையை வயித்துக்கிட்ட ஒட்டி வச்சிருந்தான். அது தெரிஞ்சவனுக்குத்தான் வரும்" என்றார்.

அவரிடமிருந்து நாகேஷுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வராது. இதே கதையை ஏவிஎம் 1971-ல் மெகமூதை வைத்து 'மே சுந்தர் ஹூ(ன்)' என்று இந்தியில் எடுத்தார்கள். அதையும் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெகமூதின் கை எங்கே இருந்தது என்று எழுதுகிறேன்.