பூனையை வெளியே விடலாமா: புக்கிட் பெலண்டோக்கிலிருந்து ஒரு பார்வை

வீட்டுப் பூனையை வெளியே விடலாமா என்ற கேள்வி தோட்டப்புறத்தில் எழுவதே இல்லை. பூனை என்றால் வெளியே போகும், பசித்தால் வரும். நாயைக் கட்டிப் போடுவார்கள், ஆட்டைப் பட்டியில் அடைப்பார்கள், கோழிக்குக்கூடப் பொழுது சாய்ந்தால் கூண்டு உண்டு. பூனைக்கு மட்டும் எந்தக் கட்டும் கிடையாது. இந்தப் பழக்கம் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த ஊர், அந்த ஊரில் பூனை நடக்கும் வழியில் என்னென்ன கிடக்கின்றன என்று பார்த்த பிறகே பேச வேண்டும். அப்படிப் பார்க்க, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் இருக்கும் புக்கிட் பெலண்டோக்கைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் அது பன்றி வளர்ப்பின் பெரிய மையம். சுங்கை நிப்பா, கம்போங் இந்தியா, கம்போங் சாவா என்று பண்ணைகளை ஒட்டியே குடியிருப்புகள், சுற்றிலும் தோட்டங்கள். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், பன்றி ஏற்றிய லாரிகளோடு தெற்கே இறங்கியது. சிரம்பானை அடுத்த சிக்காமாட்டில் தலைகாட்டி, 1999 தொடக்கத்தில் புக்கிட் பெலண்டோக்கைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை யாரும் அறியாத கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை விளங்கியது. அந்தக் கிராமத்தின் பெயரையே கிருமிக்கும் வைத்தார்கள். மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பண்ணை வைத்திருந்த, பண்ணையில் வேலை செய்த சீனர்கள். அவர்களோடு தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். ராணுவம் இறங்கி, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தது.

இதில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த நாட்களில் பன்றிகளைத் தவிர நாய், பூனை, குதிரை ஆகியவற்றிலும் தொற்று கண்டறியப்பட்டது. பண்ணையில் தீவன மூட்டை இருக்கும், மூட்டை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை இருக்கும். கொட்டிலில் இருமிக்கொண்டிருந்த பன்றிக்கும் வீட்டு அடுப்படிக்கும் நடுவே வேலியைப் பொருட்படுத்தாமல் போய்வந்த உயிர் அதுதான். பிறகு ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஆய்வகத்தில் பூனைகளுக்குச் சோதனைக்காக அந்தக் கிருமியைச் செலுத்தியபோது, அவற்றுக்குக் காய்ச்சலும் கடுமையான மூச்சுத்திணறலும் வந்தன. தொண்டைச் சுரப்பிலும் சிறுநீரிலும் கிருமி வெளியேறியது. 2014-இல் பிலிப்பைன்ஸின் தென்பகுதியில் குதிரைகளுக்கு இதே வகை நோய் வந்தபோது, அந்தக் குதிரைகளின் இறைச்சியைத் தின்ற பூனைகள் செத்ததும் பதிவாகியிருக்கிறது.

இதை வைத்துப் பூனைமேல் பழிபோட்டால் அது அநியாயம். புக்கிட் பெலண்டோக்கில் மனிதர்களுக்கு நோய் கொடுத்தது பன்றி. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பன்றியை நேரடியாகத் தொட்டவர்கள். பூனை யாருக்காவது நோயைக் கொண்டுவந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. மூல காரணத்தைத் தேடினால் பூனையைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும்: ஈப்போ பக்கத்துப் பெரிய பண்ணைகளில் கொட்டிலை ஒட்டி மாமரங்கள் இருந்தன, அவற்றுக்குப் பழந்தின்னி வௌவால்கள் வந்தன, அவை கடித்துப் போட்ட பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. மரத்தையும் கொட்டிலையும் அருகருகே வைத்தது மனிதத் திட்டம்.

ஆனாலும் சுற்றித் திரியும் பூனையைப் பற்றி அந்த ஆண்டு ஒன்றைக் காட்டிவிட்டது. நாம் ‘வீட்டுப் பூனை’ என்று நினைப்பது நம் வீட்டுக்கு மட்டும் உரியது அல்ல. அது போய்வரும் எல்லை முழுவதும் நம் வீட்டோடு சேர்ந்துவிடுகிறது. ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கட்டி ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுகின்றன என்று சொன்னது. கேட்பதற்கு நிம்மதியான செய்திதான். ஆனால் லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், பின்வாசலிலிருந்து நூறு மீட்டர் என்றால் எங்கே போய் நிற்போம்? செம்பனை வரிசைக்குள். அங்கே இருப்பதைப் பற்றித்தான் நாம் பேசியாக வேண்டும்.

பூனையை வெளியே விடுவதற்குத் தோட்டத்தில் சொல்லப்படும் முதல் நியாயம் எலி. இது பாதி உண்மை. சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் பூனை பிடிக்கும். பூனை வாடை உள்ள அடுப்படியில் எலி துணிந்து நடமாடாது. ஆனால் வளர்ந்த பெரிய எலியோடு மல்லுக்கு நிற்கப் பூனை விரும்புவதில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் குப்பை பிரிக்கும் கூடம் ஒன்றில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே என்று 2018-இல் எழுதினார்கள். பூனை இருந்ததால் எலிகள் ஒளிந்துகொண்டன, குறையவில்லை. செம்பனைக் குலையைக் கடித்து நாசமாக்கும் எலிகளின் பிரச்சினைக்குத் தோட்ட நிர்வாகங்கள் பூனையை நம்பியதே இல்லை. அவை கம்பத்தில் பெட்டி அடித்துக் கூகை ஆந்தையை வளர்த்தன. எலி மருந்து வைத்தன. கூகை பலன் கொடுத்தது. மருந்தும் கொடுத்தது, ஆனால் அதற்கு வேறொரு விலை இருக்கிறது.

அந்த மருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெழுகில் பிசைந்த சிறு கட்டி, தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறியது, சிவப்போ நீலமோ கலந்திருக்கும். மரத்துக்கு ஒன்றாகத் தூரில் வைத்துக்கொண்டே போவார்கள். எலி தின்ற இடத்தில் மறுபடி வைப்பார்கள். வார்ஃபரின் போன்ற பழைய மருந்தாக இருந்தால் எலி பல முறை தின்ன வேண்டும்; புரோடிஃபகூம் போன்ற புதியவை ஒரே தீனியில் வேலையை முடிக்கும். இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். நல்ல நாளில் பூனை தொடத் தயங்கும் பெரிய எலி, அந்த நிலையில் சுலபமாக வாயில் அகப்படும். பூனையின் உடம்புக்குள் மருந்து சேர்கிறது. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்து, மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். “யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்” என்று பக்கத்து வீட்டோடு சண்டை நடக்கும். இந்த வகை எலி மருந்துக்கு வைட்டமின் கே ஊசி மாற்று மருந்து என்பதும், நேரத்தோடு கொண்டுபோனால் பூனை பிழைக்கும் என்பதும் தோட்டத்தில் பலருக்குத் தெரிவதில்லை. எலிக்காகப் பூனையை வெளியே விடும் வாதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே. எலி அதிகமான இடத்தில் மருந்தும் அதிகம். பூனை உதவும் என்று நாம் நம்பும் இடமே அதற்கு ஆபத்தான இடம்.

மலைப்பாம்பையும் நாகத்தையும் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. எலி தேடி அவையும் அதே வரிசைக்குள்தான் வருகின்றன.

இரண்டாவது கேடு வெளியில் தெரியாமல் வளர்வது. கடுவன்கள் இரவில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பும். முகத்தில் கீறல். ஒரு வாரத்தில் ஆறவேண்டிய கீறல் ஆறாமல், மூக்குத் தண்டில் பொருக்கு கட்டி, உடைந்து, ஈரமாகவே இருந்தால் அது ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். மண்ணிலும் மக்கும் தழையிலும் வாழும் பூஞ்சை இது. மலேசியாவில் மனிதர்களுக்கு இது வரும்போது பெரும்பாலும் பூனையிடமிருந்தே வருகிறது என்று மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன. பூனை பிறாண்டிய விரலில் ஒரு கட்டி தோன்றும். பிறகு மணிக்கட்டு, முன்கை என்று மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் கிளம்பும். இட்ராகொனசோல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், பூனைக்கும் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக் கொடுக்க முடியாத வீட்டில் அந்தப் பூனை சாக்கில் கட்டப்பட்டுச் சந்தை ஓரத்தில் விடப்படுகிறது. நோய் இன்னொரு தெருவுக்குப் போகிறது. இந்தச் சங்கிலியைத் தொடங்கிவைப்பது வெளியே விடுவது மட்டும் அல்ல. கருத்தடை செய்யாமல் வெளியே விடுவதுதான். காயடித்த கடுவன் பெண் பூனைக்காக இரவெல்லாம் அலைவதும் சண்டைக்குப் போவதும் வெகுவாகக் குறைந்துவிடும்.

பறவைகளைப் பற்றிய குற்றச்சாட்டு உலகளவில் மிகப் பெரியது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வந்த மதிப்பீடு சொன்னது; அதிலும் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை முதல் பிறந்த பூனைகளை உரியவரின் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. அந்தக் கண்டத்தில் பூனை வெளியிலிருந்து வந்த வேட்டையாடி. அங்குள்ள சிற்றுயிர்கள் அதற்குப் பழகாதவை. மலாயாக் காட்டில் சிறு பூனை இனங்கள் ஆதியிலிருந்தே இருந்தன, செம்பனைக்குள் இன்றும் சிறுத்தைப்பூனை எலி தின்று வாழ்கிறது. ஆகவே ஆஸ்திரேலிய வாதத்தை அப்படியே பெயர்த்து வந்து இங்கே நட்டால் வேர் பிடிக்காது. அதற்காக இங்கே பாதிப்பே இல்லை என்றும் ஆகாது. சோறு போட்டு வளர்க்கப்படும் பூனை எண்ணிக்கையில் காட்டுப்பூனையைவிடப் பல மடங்கு நெருக்கமாக வாழ்கிறது. இரை குறைந்தாலும் அது பட்டினி கிடந்து குறைவதில்லை. வீட்டோரம் கூடு கட்டும் சிட்டும் கொண்டைக்குருவியும் ஓணானும் அரணையும் அந்த நூறு மீட்டருக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன.

சரி, முழுக்க உள்ளே அடைத்துவிட்டால்? சிங்கப்பூர் அந்த வழியில் போகிறது. அங்கே அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடையை 2024 செப்டம்பரில் நீக்கினார்கள். உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், பூனை வெளியேறாதபடி ஜன்னலுக்கு வலை வேண்டும். பத்தாவது மாடிக்கு அது சரியான விதி. பழைய லயத்தில் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு ஆள் கை நுழையும் சந்து. கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். நண்பகலில் தகரக் கூரையின் கீழ் வெக்கை தாங்காமல் மனிதர்களே மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் பூனையைப் பூட்டி வைப்பது கொடுமை. வசதியான வீட்டிலும் அடைபட்ட பூனைக்குத் தனிக் கேடுகள் உண்டு: உடம்பு பருத்துவிடும், சர்க்கரை நோய் வரும், மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்கி நீர் கடுக்கும். ஏறவும் பதுங்கவும் பாயவும் பிறந்த உயிருக்கு ஏற இடமும் விளையாட ஆளும் கொடுக்காமல் நான்கு சுவரை மட்டும் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே விடுவதற்கான வாதங்களில் உறுதியாக நிற்பது இதுதான். எலி வாதம் உடைந்தாலும் இது உடையாது.

ஆகவே புக்கிட் பெலண்டோக் போன்ற ஊருக்கு என் நிலை இது: பகலில் வெளியே, இரவில் உள்ளே, கருத்தடை செய்யாத பூனை வெளியே போகவே கூடாது. சண்டை, இனப்பெருக்கம், பாம்பு, சாலையில் அடிபடுவது எல்லாம் இரவிலேயே அதிகம். பொழுது சாயும் நேரத்தில் தீனி வைத்துப் பழக்கினால் பூனை தானே வந்துவிடும். வைக்காமல் இரவில் தேடிப் பயனில்லை. தீனியின் தரமும் வேட்டையை மாற்றுகிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் கண்டது: இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 விழுக்காடு குறைந்தது, தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடிய வீடுகளில் 25 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் பெரிய பலன் தெரியவில்லை. வெறும் சோற்றையும் கருவாட்டுத் தலையையும் வைத்துவிட்டு ‘வேட்டையாடித் தின்றுகொள்ளும்’ என்று விடுவதுதான் நம் வழக்கம். பூனையைக் காட்டுக்குள் தள்ளுவதில் அந்தத் தட்டுக்கும் பங்கு இருக்கிறது.

கருத்தடைக்குப் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. வெட்டுக்கூலியில் குடும்பம் நடத்துபவரிடம் இரண்டு பூனைக்கு அறுவைச் சிகிச்சை செய் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாய்க்கு உரிமம் கேட்கும் ஊராட்சி மன்றங்கள் பூனையைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் கொடுமைக்குத் தண்டனை சொல்கிறது. ஆனால் போர்ட்டிக்சனுக்கோ சிரம்பானுக்கோ பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுபோக வண்டி இல்லாத வீட்டுக்கு அது எதுவும் செய்வதில்லை. தோட்டத்துக்கே கால்நடை மருத்துவர் வந்து, ஆண்டுக்கு ஒரு முறை கோயில் மண்டபத்தில் முகாம் போட்டால், பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

மீதிப் பாதியில் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. எலி மருந்து எந்த வரிசையில், எந்த நாளில் வைக்கப்போகிறார்கள் என்பது அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரியும்; அதற்கான வேலையாட்களைப் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டும்போது, பிரித்து அனுப்புவதும் அங்கேயிருந்துதான். அந்தத் தேதிகளை லயத்து அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மலாயிலும் ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும். மருந்து வைத்த நாள் முதல் எலிச் சாவு ஓயும்வரை பூனைகளை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், எந்த மருந்து என்ற பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். அந்தப் பெயர் தெரிந்தால்தான் கால்நடை மருத்துவர் எத்தனை நாளைக்கு வைட்டமின் கே கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.