எட்டுக்கு எட்டில் அடங்காத ‘ண’

பௌர்ணமி அன்று எங்கள் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கிரிவலக் கூட்டம் குறையும்வரை வீட்டிலேயே இருக்கலாம்னு லேப்டாப்பில் எமுலேட்டரைத் திறந்து, பிபிசி மைக்ரோவில் ‘திருவண்ணாமலை’ என்று எழுதிப் பார்த்தேன். அதில் பிறந்த விமர்சனம் இது.

ஏக்கார்ன் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட எட்டு பிட் கம்ப்யூட்டர் இது. 6502 பிராசசர், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். ‘பி’ மாடலில் 32 கேபி ரேம். இந்திய அரசு 1984-ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதே மெஷின்தான்.

அதன் பேசிக் மொழியை முதலில் பாராட்டணும். சோஃபி வில்சன் எழுதி, 16 கேபி ரோமுக்குள் அடக்கியது. ‘கோட்டோ’ போட்டுத் தாவிக்கொண்டே இருக்க வேண்டாம். பெயர் வைத்த புரொசீஜர்கள் உண்டு. புரோகிராமுக்கு நடுவிலேயே சதுர அடைப்புக்குறி போட்டு அசெம்பிளி எழுதலாம். இன்றைக்கும் பாடம் படிக்கத் தகுந்த வேலை.

சிக்கல் எழுத்தில். ஒவ்வொன்றும் 8×8 புள்ளிக் கட்டம். மெஷின் திறக்கும் மோட் 7-ல் நம் எழுத்தை வரைய முடியாது. மோட் 4-க்கு மாறினால் திரை மட்டுமே 10 கேபி தின்னும். அங்கே ‘விடியு 23’ கட்டளையால் வரையலாம், எழுத்துக்கு 8 பைட். சும்மா கிடைப்பது 32 இடம். கூடுதலாக வேணும்னா புரோகிராமின் இடத்தைப் பிடுங்கணும்.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. அப்பாடா என்றிருந்தது. புள்ளி வைத்த மெய்யும் வைக்காததும் வேறு வேறு படம், தி, ரு எல்லாம் தனித்தனி என்று உறைத்ததும் கணக்கு உடைந்தது.

‘வ’, ‘ம’ வந்துவிட்டன. ‘ண’ வரலை. மூன்று சுழிக்கு 8 புள்ளி அகலம் போதாமல் எல்லாம் ஒட்டித் திட்டாகிவிடுகிறது. இரண்டு கட்டம் கொடுத்தேன். ண், ண, இரண்டுக்குமே அப்படி. ஊர்ப்பெயருக்கு மட்டும் 11 கட்டம் போயிற்று, மூன்றில் ஒரு பங்கு!

‘நெருக்கடிதான் அழகு’ என்பார்கள் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள். நானும் சொன்னவன்தான். ஆனால் அந்த நெருக்கடி எல்லா மொழிக்கும் ஒரே அளவு இல்லை. கட்டம் ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை. பிரிட்டிஷ் பள்ளிகளுக்காகச் செய்தவர்களை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். என் புகார் நம்மேல்தான். தமிழை வரையும் கட்டளை உள்ளேயே இருக்க, பழைய ஆங்கில விளையாட்டுகளையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘ஞ’ இன்னும் பாக்கி. 8 புள்ளிக்குள் அடக்க முடிந்தவர்கள் சொல்லுங்க.