கதைப்பின்னலில் தற்செயலும் களமும்

நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் அடுக்குவது கதை. காரண காரியத்தால் இணைப்பது கதைப்பின்னல். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் வகுத்த பாகுபாடு இது. காரணம் நிற்க வேண்டிய இடத்தில் தற்செயலை நிறுத்துவது கதைப்பின்னலில் பெரிதும் காணப்படும் குறை. எனினும் தற்செயல் யாவும் குறையாகா.

சிலப்பதிகாரத்தில், அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனிடமே கோவலன் தன் மனைவியின் சிலம்பைக் காட்டுகிறான். இது தற்செயலே. ஆனால் இதனால் விளைவது துன்பம், தீர்வன்று. பொற்கொல்லனின் அச்சமும், தேவியின் ஊடல் தணிக்க விரையும் பாண்டியனின் மனநிலையும் அதனைக் காரணங்களோடு பிணைக்கின்றன. வழக்கு முடிவதோ சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் சான்றினால்.

'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) காட்டும் நிலை வேறு. ஆணுடையில் வந்த ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் அரசாகிறாள். கணவனின் இடரும் தீர்கிறது. நாட்டுப்புறக் கதை மரபில் இது பொருந்தும். நடப்பியல் நாவலில் பொருந்தாது.

பெருநகரைக் களமாகக் கொள்ளும் எழுத்தாளருக்கு இச்சிக்கல் மிகுதி. மும்பையில் பிரிந்த இருவர் மீண்டும் எதிர்ப்படுவது அரிது. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) நூலில் சுதா குப்தாவின் துப்பறியும் தொழிலே அந்நியரைச் சந்திக்கக் காரணமாகிறது. அத்தகைய தொழில் இல்லாத பாத்திரத்திற்குக் களம் துணைநிற்கும். மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் பகுதிக்குக் கோயில், பூக்கடை, உணவகம், கச்சேரி எனத் தமிழர் வருவதற்குக் காரணங்கள் பல. செம்பூரிலிருந்து புறநகர் ரயிலில் வருபவர், நேர் வண்டி கிடைக்காதபோது, வடாலா ரோட்டில் வண்டி மாறுவர். இவ்வழக்கத்தை முன் இயல்களிலேயே நிறுவிவிட்டால் அந்நடைமேடைச் சந்திப்பு இயல்பாகும். இறுதி இயலில் திடீரெனக் கொணர்ந்தால் ஆசிரியரின் கை வெளிப்படும்.

களம் காலத்தோடும் பொருந்தல் வேண்டும். இப்பகுதியின் சண்முகானந்தா அரங்கு 1963இல் எழுந்தது. 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1994இல் நிகழும் கதையில் பிரிந்தோர் அவ்வரங்கின் கச்சேரியில் கூடுவராயின், நம்பகத்தன்மைக்காகச் சேர்த்த செய்தியே கதையின் நம்பகத்தன்மையைக் குலைத்துவிடும்.

சிக்கலைத் தொடங்கிவைக்கத் தற்செயலுக்கு இடமுண்டு. அதனை அவிழ்க்கும் பொறுப்போ பாத்திரங்களின் செயலுக்கே உரியது.