இற்செறிப்பும் நீச்சல்குளமும்

சங்க அகப்பாடல்களை நடத்தும்போது மாணவிகள் அதிக விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொள்ளும் துறைச்சொல் ஒன்று உண்டு: இற்செறிப்பு. மகளைப் பற்றி ஊரில் அலர் எழுகிறது. தாய் அவளை வீட்டுக்குள் நிறுத்துகிறாள். அலர் தூற்றும் வாயை யாரும் கட்டுவதில்லை. பேசியவர்கள் தெருவில் இருக்கிறார்கள், பேசப்பட்டவள் உள்ளே போகிறாள். இதற்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயர் ‘பாதுகாப்பு’.

அதே மரபில் பெண் நீரிலும் இருக்கிறாள். பரிபாடலின் வையைப் பாடல்களில் புனலாடுகிறாள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அவளுக்கென்றே நீராடற் பருவம் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அவள் பெரும்பாலும் பார்க்கப்படுபவள். எவ்வளவு தூரம் நீந்துவாள் என்பது பாட்டின் அக்கறை அல்ல. பெண்ணை அடைத்து வைக்கும் மரபும் பார்த்து மகிழும் மரபும் ஒன்றாக வந்து சேரும் இடம் இன்றைய நீச்சல்குளம்.

நீச்சல் கிளப்பில் மகளைச் சேர்க்கப் போகும் தாயிடம் என்ன சொல்லப்படுகிறது? முழங்கால்வரை மூடும் காஸ்ட்யூம் வாங்குங்கள். பெண்கள் பேட்ச் இந்த நேரத்தில்தான். பயிற்சி முடிந்ததும் நிற்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். பையன்களோடு பேச்சு வேண்டாம். இத்தனையும் சிறுமிக்கான விதிகள். குளக்கரையில் விசிலோடு நிற்கும் பெரியவருக்கு என்ன விதி என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஒரு விதி யாரைக் கட்டுகிறது, பிள்ளையையா, பிள்ளையின் மீது அதிகாரம் உள்ளவரையா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் நம் ‘பாதுகாப்பு’ ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இற்செறிப்பின் மறுபதிப்புகள் என்பது தெரியும்.

நம் கதைகள் இதற்கு எப்படித் துணைபோகின்றன என்பதைத் திரைப்படங்களில் பார்க்கலாம். சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ (2016) விளையாட்டுத் துறையின் பாலியல் சுரண்டலை நேராகப் பேசிய படம் என்று பாராட்டப்பட்டது. பாராட்டு நியாயமானதே. ஆனால் அந்தப் படத்தில் பாலியல் புகார் என்பது முதலில் எப்படி வருகிறது? நேர்மையான பயிற்சியாளரைப் பழிவாங்கச் சங்கத்தார் எடுக்கும் ஆயுதமாக வருகிறது. பிறகு பதவியில் இருப்பவர் மதியிடம் உண்மையாகவே அத்துமீறும்போது, அவள் போய்ச் சொல்வதற்கு ஒரு குழுவோ அலுவலரோ கதையில் இல்லை. பயிற்சியாளரின் தியாகம் மட்டுமே அவளைக் காப்பாற்றுகிறது. நல்ல ஆண் வாய்த்தால் பிழைத்தாள் என்பதே கடைசியில் நமக்குக் கிடைக்கும் தீர்வு. வாய்க்காதவள் என்ன செய்வாள் என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை.

இந்திப் படமான ‘தங்கல்’ (2016) இன்னொரு வேலையைச் செய்கிறது. அப்பாவே பயிற்சியாளர். சிறுமிகள் அழ அழ முடி வெட்டப்படுகிறது. அவர்கள் சிறுபிள்ளைக்குரிய குறும்போடு எதிர்க்கிறார்கள். அப்போது மணமேடையில் உட்கார வைக்கப்பட்ட தோழி ஒருத்தி, உங்கள் அப்பாவாவது உங்களைப் பற்றி நினைக்கிறாரே என்ற பொருளில் பேச, எதிர்ப்பு அந்த இடத்திலேயே நன்றியாக மாறிவிடுகிறது. குழந்தைத் திருமணமா, கேள்வி கேட்க முடியாத பயிற்சியா என்ற இரண்டில் ஒன்றைத்தான் அந்தச் சிறுமிகள் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம் என்பதைப் படம் யோசிக்கவில்லை. ‘பிகில்’ (2019) படத்தில் பயிற்சியாளர் ஒரு வீராங்கனையின் உடல் பருமனைச் சொல்லிக் குத்திக் காட்டுகிறார். ரோஷம் வந்து அவள் ஆடுகிறாள், அரங்கம் கைதட்டுகிறது. அவமானம் ஒரு பயிற்சி முறை என்று அந்தக் கைதட்டல் ஒப்புக்கொள்கிறது.

இவை வெறும் படங்கள்தானே என்று விட்டுவிட முடியவில்லை. நீச்சலில் உடல் எப்போதும் கண்ணெதிரே இருக்கிறது. எல்லார் முன்னாலும் எடைபார்த்து எண்ணை உரக்கச் சொல்வது, மார்பு வளரத் தொடங்கிய பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பது, மாதவிடாய் என்று சொல்ல முடியாமல் வயிற்றுவலி என்று பொய் சொல்ல வைப்பது, இவற்றில் எதுவும் சட்டப்படி பெரிய குற்றமாகத் தோன்றாது. ஆனால் எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை இவைதான் பிள்ளைக்குக் கற்றுத் தருகின்றன. அந்தப் பாடம் நன்றாகப் பதிந்த பிள்ளை, பின்னால் ஒரு கை வரம்பு மீறும்போதும் பொறுத்துக்கொள்கிறது. மரியாதை முதலில் போகிறது, பாதுகாப்பு அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

பொறுத்துக்கொள்ளாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1990இல் ஹரியானாவில் 14 வயது டென்னிஸ் வீராங்கனை ஒருத்தி, மாநில டென்னிஸ் சங்கத் தலைவராகவும் உயர் போலீஸ் அதிகாரியாகவும் இருந்தவர் மீது புகார் சொன்னாள். பள்ளியிலிருந்து அவள்தான் நீக்கப்பட்டாள். 1993இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2009இல்தான் அந்த மனிதர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. முதலில் விதிக்கப்பட்ட தண்டனை ஆறு மாதம். 2019இல் கோவாவில் நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் 15 வயது மாணவியிடம் நடந்துகொண்ட விதம் காணொளியாக வெளிவந்த பிறகே நாடு அதிர்ந்தது. 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். ஒருத்தி வாய் திறந்த பிறகு மற்றவர்களும் பேசினார்கள்.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்றும் சொல்வதற்கில்லை. பிரிட்டனில் ஒலிம்பிக் நீச்சல் அணிக்கே பயிற்சியளித்தவர் 1995இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பிறகு அங்கே விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு 2001இல் அமைக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தின் நீச்சல் கிளப்புகளில் பிள்ளைகள் நலனுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். புகார் கேட்பவர் ஒருவர், பயிற்சி தருபவர் வேறொருவர் என்ற இந்தச் சின்னப் பிரிவினையில் குருவின் ஏகபோகம் உடைகிறது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டு நிறுவனத்தையும் பயிற்சி நடக்கும் இடத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசிடம் சொல்லாமல் மறைப்பதே தண்டனைக்குரியது. கிளப்பின் பெயர் கெட்டுவிடும், பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்று பேசி முடிக்கும் செயலாளருக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை. 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளையே அழைக்கலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று சிறிய கிளப்புகள் கேட்கலாம். உடைமாற்றும் அறைக்குள் பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர்கள் போகக் கூடாது, அங்கே கைப்பேசி கூடாது என்ற விதிக்குச் செலவில்லை. பயிற்சியாளர் மாணவிக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் உள்ள குழுவில்தான் அனுப்ப வேண்டும் என்பதற்கும் செலவில்லை. வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பெண் பொறுப்பாளராவது உடன் போக வேண்டும் என்பதற்கு ஒரு பயணச்சீட்டுதான் கூடுதல். தொடாமல் எப்படிக் கைவீச்சைத் திருத்துவது என்று கேட்கும் பயிற்சியாளர்கள் உண்டு. தரையில் நின்று செய்து காட்டலாம். தொட்டே ஆக வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்லி, கேட்டு, மற்றவர் கண்ணெதிரே தொடலாம். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதோடு நிறுத்தலாம். நல்ல பயிற்சியாளர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுடைய நல்ல மனசாக மட்டும் இருக்கும்வரை, அடுத்து வருபவரை அது கட்டாது. எழுதி ஒட்டினால்தான் கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால் நாம் முதலில் எடுக்கும் முடிவு, இனி நீ குளத்துக்குப் போக வேண்டாம் என்பது. பயிற்சியாளர் மறுநாளும் விசிலோடு நிற்பார். பிள்ளை இழப்பது பதக்கத்தை மட்டுமல்ல. தண்ணீரில் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் திறனையும், தன் உடம்பு தனக்கு உதவும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே இழக்கிறாள்.

அடுத்த முறை மகளையோ தங்கையையோ கொண்டுபோய் விடும்போது அங்குள்ள அறிவிப்புப் பலகையை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். எத்தனை விதிகள் பிள்ளைகளுக்கு, எத்தனை விதிகள் பெரியவர்களுக்கு என்று எண்ணுங்கள். புகார் சொல்ல வேண்டியவர் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள். நான்கு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால், ஒரு வாரத்தில் அந்தப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டப்படும்.