தவறு செய்ய ஓர் இடம்

பெருமாநல்லூரில் தையல் யூனிட் நடத்தும் அக்கா ஒருவரின் வீட்டு போர்ட்டிகோவில், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. ஆர்.சி.யில் இருப்பது அக்காவின் பெயர். யூனிட்டின் பார்ட்னர்ஷிப் டீடிலும் அவர் பெயர் உண்டு. ஆனால் வாங்கிய நாளிலிருந்து காரை ஓட்டியவர் அவருடைய கணவர். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது அக்கா இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து போவார். சென்ற ஆண்டு வேறொரு மாநிலத்தில், வாகனச் சோதனைத் தடம் ஒன்றில் நடந்த 'டிராக் டே'வுக்குக் கணவர் பணம் கட்டியிருந்தார். கிளம்ப வேண்டிய வாரத்தில் அவருக்கு ஷிப்மென்ட் நெருக்கடி வந்துவிட்டது. "கட்டுன பணம் எதுக்கு வீணாப் போகோணும்? நானே ஓட்டறேன்" என்று அக்கா புறப்பட்டார். துணைக்கு நான் போனேன்.

பதிவு மேசையில் இருந்தவர் அக்காவின் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஓட்டப்போகிறவர் எங்கே என்று இரண்டு முறை கேட்டார். அதற்குப் பிறகு நடந்தவை ஒழுங்காகவே நடந்தன. டயர் காற்றழுத்தம், பிரேக், சீட் பெல்ட் எல்லாவற்றையும் பார்த்தார்கள். காருக்குள் உருண்டோடும் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்கச் சொன்னார்கள். ஹெல்மெட் கட்டாயம். பிறகு வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விட வேண்டும். அனுபவத்தைப் பொறுத்துக் குழு பிரித்தார்கள். முதல் சுற்று மெதுவாக, தடத்தைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும். அடுத்து ஒவ்வொரு குழுவுக்கும் கால் மணி நேரம், இருபது நிமிடம். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி, சூடான வண்டியை ஆற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும். இது பந்தயம் அல்ல. யார் முதல் என்று யாரும் அறிவிப்பதில்லை. அவரவர் வண்டியின் எல்லையையும் தன் எல்லையையும் தெரிந்துகொள்வதற்கான நாள்.

இரண்டாவது சுற்றுத் தொகுதியில் அக்கா ஒரு வளைவில் தாமதமாக பிரேக் பிடித்தார். வண்டி சுழன்று, தடத்தை விட்டு இறங்கி, சரளைக்கற்கள் நிரப்பிய பரப்பில் புதைந்து நின்றது. மஞ்சள் கொடி ஆட்டினார்கள். இழுவை வண்டி வந்தது. பயிற்றுநர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பிரேக்கை எந்தக் குறிக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டும் என்று கையால் காட்டினார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் தடத்துக்கு அனுப்பினார்.

அன்று இரவு அக்கா சொன்னார்: "ரோட்டுல நான் பிரேக்க லேட்டாப் புடிச்சா, 'பொம்பள ஓட்டுறா பாரு'ன்னு நாலு பேரு நின்னு பேசுவாங்க. ஊட்டுக்குப் போனா சாவிய வாங்கி வெச்சுக்குவாங்க. இங்க மண்ணுல போயிச் செருகுனதுக்கு, எங்க தப்பாச்சுன்னு சொல்லிக் குடுத்துட்டு மறுக்கா அனுப்பறாங்களே கண்ணு!"

டிராக் டேயைப் பற்றி நம்மிடம் வழக்கமாக இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, பணக்கார ஆண்களின் விளையாட்டு என்று தள்ளிவிடுவது. இன்னொன்று, ஒரு பெண் அங்கே போய்விட்டால் சாதனை என்று கைதட்டுவது. அக்கா இரண்டையும் சொல்லவில்லை. தன் வேகத்தைப் பற்றியும் அவர் பேசவில்லை. தவறு செய்ய இடம் விட்டுக் கட்டிய ஓர் இடத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்ததைத்தான் சொன்னார்.

சோதனைத் தடத்தின் உண்மையான ஆடம்பரம் அந்தச் சரளைப் பரப்புதான். அதை 'ரன்-ஆஃப்' என்பார்கள். ஓட்டுபவர் தவறுவார் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறுக்கென்று நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் டயர் சுவர், தடுப்பு வேலி, கொடியோடு நிற்கும் ஆட்கள், ஆம்புலன்ஸ். இவை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல, பல சாவுகளுக்குப் பிறகு கேட்டுப் பெற்றவை.

1975 ஏப்ரல் 27 அன்று பார்சிலோனாவின் மோன்ஜுயிக் பூங்காவில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரி இதற்குச் சாட்சி. தடுப்பு வேலிகளைச் சரியாக முடுக்கவில்லை என்று ஓட்டுநர்கள் போட்டிக்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் போட்டி நடந்தது. முன்னணியில் போய்க்கொண்டிருந்த ரோல்ஃப் ஸ்டோமெலனின் காரில் பின் இறக்கை முறிந்தது. கார் வேலியைத் தாண்டிப் பறந்து ஆட்கள் மேல் விழுந்தது. உயிர்கள் போயின. 29 சுற்றுகளோடு போட்டியை நிறுத்திவிட்டதால் பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. அன்று ஆறாவது இடத்தில் இருந்தவர் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. அவருக்கு அரைப் புள்ளி கிடைத்தது. ஃபார்முலா 1 வரலாற்றில் ஒரு பெண் பெற்ற புள்ளி இன்றுவரை அந்த அரைதான். பெண்ணின் சாதனைப் பட்டியலில் அந்த அரைப் புள்ளியை மட்டும் எடுத்துச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். அது ஏன் அரையாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி பெருமாநல்லூர்ச் சாலைக்கு வருவோம். மாலையில் பனியன் கம்பெனிகள் விடும் நேரத்தில் சேலம்–கோவை நெடுஞ்சாலையைக் கடக்கும் ஸ்கூட்டிகளைப் பார்த்தால் போதும். காலுக்கிடையில் சாப்பாட்டுப் பை, பின்னால் டியூஷனிலிருந்து அழைத்துவந்த பிள்ளை, கைப்பிடியில் காய்கறி. லாரியும் சொகுசுப் பேருந்தும் அதே சாலையில்தான் போகின்றன. இந்தப் பெண்களுக்கு இங்கே ரன்-ஆஃப் கிடையாது. சாலையோரம் இறங்கினால் சாக்கடை, இல்லாவிட்டால் தள்ளுவண்டி.

இவர்களுக்கு அரசு காட்டிய ஒரே தடம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் போட்ட எட்டு. காலை ஊன்றாமல், நடக்கும் வேகத்தில் எட்டுப் போட்டால் உரிமம். குறுக்கே ஆடு வந்தால் இரண்டு பிரேக்கையும் எப்படிப் பிடிப்பது, மழையில் நனைந்த தார்ச்சாலையில் வண்டி எவ்வளவு தூரம் வழுக்கும் என்பதெல்லாம் எட்டுக்குள் வராது. அதை நிஜச் சாலையில் நிஜ லாரிக்கு முன்னால்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு பெண்கள் காலை ஊன்றி வண்டியை நிறுத்துகிறார்கள் என்று கேலி செய்வார்கள். வண்டியை நம்பி நிறுத்திப் பழக ஒருநாளாவது இடம் கிடைத்திருந்தால் கால் தானாகவே மேலே இருந்திருக்கும்.

2018இல் தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனத்தின் விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகக் கொடுத்தது. நல்ல திட்டம். அதோடு சேர்த்து ஒருநாள் பயிற்சி கொடுத்திருந்தால் இன்னும் நல்ல திட்டமாக இருந்திருக்கும். நம் மோட்டார் வாகன விதிகளில், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க அது தேவை. கடைக்காரர்கள் அதைச் சேலை கார்டு என்கிறார்கள். பின்னால் உட்காரும் பெண்ணை யோசித்துச் சட்டம் எழுதியவர்கள், கைப்பிடியைப் பிடித்திருக்கும் பெண்ணை அவ்வளவு யோசிக்கவில்லை.

தவறுக்கு இடம் விடுவது திருப்பூருக்குத் தெரியாத விஷயம் அல்ல. எந்த ஆர்டராக இருந்தாலும் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் துணி வெட்டுவார்கள். ஓவர்லாக்கில் ஓட்டை விழும், சாயத்தில் கறை படியும், செக்கிங்கில் கழிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இழப்பைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள். துணிக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை, அந்தத் துணியைத் தைத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்குச் சாலை கொடுப்பதில்லை.

தவறு செய்தவர் ஆணாக இருந்தால் அது அவனுடைய தவறு. பெண்ணாக இருந்தால் அது பெண்களின் தவறு. ஒருத்தி ஸ்கூட்டியைச் சுவரில் இடித்தால் அந்தத் தெருவில் மூன்று வீடுகளில் பெண்பிள்ளைக்கு வண்டி கற்றுத்தருவது தள்ளிப்போகும். அதனால்தான் பெண்கள் தேவைக்கு மேல் மெதுவாகவும், தேவைக்கு மேல் பயந்தும் ஓட்டுகிறார்கள். அந்தப் பயத்தைக் காட்டியே அவர்களுக்கு ஓட்ட வராது என்று நிரூபிக்கிறார்கள்.

"வண்டியையும் பொண்டாட்டியையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்று நம் ஊர் ஆண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த நகைச்சுவையில் பொண்டாட்டியும் ஒரு வண்டி. வண்டியைப் பொண்டாட்டிக்கே கொடுப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்காவின் பெயரில் கார் இருப்பது கடனுக்கும் கணக்குக்கும் வசதி என்பதால்தான். உடைமை வேறு, சாவி வேறு. நிலம், வீடு, கம்பெனி எல்லாவற்றிலும் நம் பெண்கள் அறிந்த பாடம் இது.

சோதனைத் தடம் என்ற சொல்லில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: சோதிக்கப்படுவது யாருடைய உடல்? கார்களை மோதவிட்டுப் பார்க்க உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் பொம்மை 1976இல் உருவான ஹைபிரிட் 3. சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை உள்ள ஆண். பெண் பொம்மை என்று வந்தது ஆண் பொம்மையைச் சுருக்கிய ஒன்று: சுமார் ஐந்தடிக்கும் குறைவான உயரம், 49 கிலோ. சராசரிப் பெண்ணின் உடலமைப்பை வைத்து ஒரு பொம்மையை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு காட்டியது 2022இல்தான். இந்தியாவில் 2023 அக்டோபரில் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு தொடங்கியபோதும், முன்பக்க மோதல் சோதனையில் முன் இருக்கைகளில் உட்கார்ந்தது அந்தச் சராசரி ஆண்தான். இதன் விளைவு காகிதத்தில் மட்டும் இல்லை. சீட் பெல்ட் போட்டிருந்தும், நேருக்கு நேர் மோதலில் பெண்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் சாத்தியம் ஆண்களைவிட 73 விழுக்காடு கூடுதல் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. பெண் தவறு செய்தால் மன்னிப்பு இல்லை என்பது சமூகத்தின் பேச்சில் மட்டுமல்ல, காரின் உலோகத்திலும் எழுதியிருக்கிறது.

பந்தயக் களத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஓட்டினார். விமானியான சினேகா சர்மா, வதோதராவின் மீரா எர்தா என்று பட்டியல் நீளும். புனேயைச் சேர்ந்த டயானா பண்டோல் 2024இல் ஆண்களோடு போட்டியிட்டு, சலூன் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார். அவரைப் பற்றி வந்த செய்திகளில் அவர் ஒரு தாய் என்பது தலைப்பிலேயே வந்தது. அதே களத்தில் ஓடிய தகப்பன்களின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்தச் செய்தியும் கேட்கவில்லை. இந்தியன் ரேசிங் லீகில் ஓர் அணிக்கு ஒரு பெண் ஓட்டுநர் என்று விதியே இருக்கிறது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த போட்டியிலும் அந்தப் பெண்கள் ஓட்டினார்கள். அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். கதவு திறக்க விதி வேண்டும். ஆனால் அணிக்கு ஒருத்தி என்றால், அந்த ஒருத்தி சுழன்று நின்றால் மறுபடியும் பெண்கள் எல்லோரும் சுழன்று நின்றதாகிவிடும். பத்துப் பேர் ஓட்டினால்தான் ஒருத்தியின் தவறு அவளுடைய தவறாக மட்டும் இருக்கும்.

இங்கே ஒரு கேள்வியை மறைக்கக் கூடாது. அக்காவின் காரும் டிராக் டே கட்டணமும் எங்கிருந்து வந்தன? அவருடைய யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களின் உழைப்பிலிருந்துதான். சரளையில் கார் புதைந்ததற்கு அக்காவைப் பொறுமையோடு நடத்தினார்கள். அவரிடம் வேலை செய்யும் பெண், தைத்த பீஸ் கெட்டுப்போனால் அதே பொறுமையை எதிர்பார்க்க முடியுமா? ஊருக்குத் திரும்பிய பிறகு இதை அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கேக்க வேண்டிய கேள்விதான்" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஒரு பெண் பெற்ற இடம் மற்ற பெண்களுக்குத் தானாகப் போய்ச் சேராது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் விலையைக் குறைக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1995இல் மறைந்த கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாத இளைஞர்கள் அதனால் களத்துக்கு வந்தார்கள். அவர் பெயரில்தான் 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. பெருமாநல்லூரிலிருந்து கோவை போகும் வழியில், கருமத்தம்பட்டிப் பக்கமும் இப்போது ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. கொங்கு மண்ணுக்குத் தடங்கள் புதியவை அல்ல. அந்த இளைஞர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள் என்பதுதான் பழையது.

வேகத்தைத் தெருவிலிருந்து எடுத்துத் தடத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்று டிராக் டே நடத்துபவர்கள் சொல்கிறார்கள். நியாயமான வாதம். அதே நியாயத்தைத் தவறுக்கும் பொருத்துவோம். தவறுகளைத் தெருவிலிருந்து எடுத்து, பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாதத்தில் ஒருநாள் தடங்கள் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களுக்குத் திறக்கட்டும். ஆர்.டி.ஓ. மைதானம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது. அங்கே தண்ணீர் தெளித்து, கூம்புகள் வைத்து, திடீர் பிரேக் பிடிக்கப் பழக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வெறுமையாகக் கிடக்கும் கம்பெனி வளாகங்களும் போதும். பெரிய செலவு இல்லை. விழுந்தால் தூக்கிவிட ஒருவர், எங்கே தவறு என்று சொல்ல ஒருவர், மறுபடி ஓட்டச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

அக்கா இப்போது ஞாயிறு காலையில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு அவிநாசி வரை போய் வருகிறார். போன மாதம் வீட்டு கேட்டில் பின்பக்கம் லேசாக உரசிவிட்டது. கணவர் வெளியே வந்து பார்த்தார். அவர் ஏதும் சொல்வதற்கு முன்பே அக்கா, "எங்க தப்புன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.